சரிவான வாசலுக்கு கேட்: முதலில் தரை, அப்புறம் இரும்பு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் வீடு. சாலையிலிருந்து போர்டிகோ வரை 32 அடி. 12 அடிக்கு ஓர் அடி வீதம் நிலம் மேலே ஏறுகிறது. வாசல் அகலம் 12 அடி. சாலையும் சரிவு என்பதால், வெளியே நின்று பார்த்தால் இடது தூண் வரும் இடத்தைவிட வலது தூண் வரும் இடம் 9 அங்குலம் தாழ்வு. இரட்டைக் கதவு, உள்பக்கம் திறக்க வேண்டும். வெல்டர் "அடியில் ஆறு அங்குலம் இடைவெளி விட்டால் போதும்" என்கிறார். அந்த இடைவெளியில் நாய் வெளியே போகும், காட்டுப்பன்றி உள்ளே வரும் என்பது உங்கள் கவலை. கதவின் அடி விளிம்பைச் சரிவுக்குத் தக்கபடி சாய்த்து வெட்டிவிட்டால் தீருமா என்று கேட்கிறீர்கள்.

தீராது. வலது கதவில் ஓரளவு தீரும், இடது கதவில் நிலைமை இன்னும் மோசமாகும். அது ஏன் என்று புரிந்துகொண்டால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடலாம்.

கேட்டுக்கு அளவு எடுக்கும்போது எல்லோரும் மூடிய நிலையை மட்டும் அளக்கிறார்கள். தூணுக்குத் தூண் எவ்வளவு, உயரம் எவ்வளவு, அடியில் எவ்வளவு. ஆனால் கதவு அந்த ஒரு கோட்டில் நின்றுகொண்டே இருப்பதில்லை. திறக்கும்போது கால்வட்டமாகத் தரைமேல் போகிறது. அந்தக் கால்வட்டத்தில் எந்த இடம் மேடோ அதுதான் கதவின் அடி விளிம்பு எங்கே வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. சமதரையில் எல்லா இடமும் ஒன்று என்பதால் இதை யாரும் யோசிப்பதில்லை. மலையில் யோசிக்காமல் முடியாது.

உங்கள் அளவுகளை வைத்தே பார்க்கலாம். ஒவ்வொரு கதவும் 6 அடி. இரண்டு கதவும் சேரும் நடுப்புள்ளி, வலது தூணின் அடியைவிட 4½ அங்குலம் மேலே, இடது தூணின் அடியைவிட 4½ அங்குலம் கீழே இருக்கிறது. அடி விளிம்பைச் சாய்த்து வெட்டினால் மூடியிருக்கும்போது தரையோடு ஒட்டி அழகாக நிற்கும். இப்போது இடது கதவை முழுக்கத் திறங்கள். அதன் நுனி 4½ அங்குலம் தாழ்ந்த இடத்திலிருந்து கிளம்பி, இடது தூணுக்கு நேர் உள்ளே 6 அடி தள்ளிப் போக வேண்டும். அங்கே தரை, தூணின் அடியைவிட 6 அங்குலம் உயரம். ஆக, நுனிக்கு அடியில் தரை மொத்தம் 10½ அங்குலம் எழும்புகிறது. கதவோ எழும்பாது. வலது கதவின் கதை வேறு. அதன் நுனி ஏற்கெனவே 4½ அங்குலம் மேலே இருக்கிறது. முழுக்கத் திறந்த இடத்தில் தரை 6 அங்குலம்தான். ஒன்றரை அங்குலம் விட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் கால்வட்டத்தின் நடுவழியில், பாதிக்குக் கொஞ்சம் மேலே திறந்திருக்கும்போது, இரண்டு சரிவும் சேர்ந்து தரை 7½ அங்குலத்துக்கு வந்துவிடுகிறது. அதனால் விட வேண்டியது 3 அங்குலம். முழுக்கத் திறந்த நிலையை மட்டும் அளந்தவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

ஒரே வாசலில் ஒரு கதவுக்கு 3, இன்னொன்றுக்கு 10½. வெல்டர் சொன்ன ஆறு அங்குலம் ஒன்றுக்கு அதிகம், மற்றதற்குப் பற்றாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டறை தொடங்கிய புதிதில் குன்னூரில் ஒரு வீட்டுக்கு இப்படித்தான் அடி விளிம்பைச் சாய்த்து வெட்டி, சட்டத்தைக்கூட சரிவுக்கு இணையாக வளைத்து, ஒரு ஜோடி கேட் செய்தேன். மூடி நிறுத்தியபோது வீட்டுக்காரருக்கு அவ்வளவு சந்தோஷம். மேட்டுப்பக்கக் கதவைத் திறந்தோம். ஒரு சாண் போனதும் தரையில் இடித்து நின்றது. அடியில் ஆப்பு போல ஒரு துண்டை வெட்டி எடுத்தேன். திறந்தது, ஆனால் கீழே ஒரு ஆள் படுத்து நுழையும் அளவுக்கு ஓட்டை. கடைசியில் தரையைத்தான் வெட்டிச் சரிசெய்தோம். முதலிலேயே தரையை வெட்டியிருந்தால் அவருக்குக் கூலியில் பாதி மிச்சம். அந்த வேலைக்குப் பிறகு, தரையை அளக்காமல் ஒரு துண்டு இரும்பும் நான் வெட்டுவதில்லை.

நீங்களே அளக்கலாம், மேஸ்திரி வர வேண்டியதில்லை. கீல் வரும் இடத்தில் ஒரு கம்பியை நேராக நட்டு, அதில் தரையிலிருந்து 24 அங்குலத்தில் ஒரு கோடு போடுங்கள். 6 அடி நீளச் சதுரக் குழாய் ஒன்றின் ஒரு முனையை அந்தக் கோட்டில் வையுங்கள். குழாய்மேல் ரசமட்டம் வைத்து மட்டமாக்கி, மறுமுனையிலிருந்து தரைவரை டேப் பிடித்து எழுதிக்கொள்ளுங்கள். முதலில் மூடிய நிலையில் ஓர் அளவு. பிறகு ஒவ்வொரு அடியாக உள்ளே நகர்த்தி, முழுக்கத் திறந்த நிலைவரை. உங்கள் வலது பக்கத்தில் மூடிய நிலையில் 19½ வரும், நடுவில் 16½ ஆகக் குறையும், முழுக்கத் திறந்தால் 18. இடது பக்கத்தில் 28½-இல் தொடங்கி 18-இல் முடியும். மூடிய அளவிலிருந்து மிகச் சிறிய அளவைக் கழித்தால் கிடைப்பதுதான் கதவுக்கு அடியில் தரை எழும்பும் உயரம். இதில் கால்மணி நேரம் செலவழித்தால் போதும். உங்கள் நிலம் நீங்கள் சொன்னபடி ஒரே சீராக ஏறுகிறதா, நடுவில் எங்காவது ஒரு பாறை முதுகு தூக்கியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இனி என்ன செய்யலாம். வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தால் ஏற்றப் பிரச்சினை போய்விடும்; ஆனால் பொதுச் சாலைக்குள் கதவு விரியக் கூடாது. மலைச்சாலை இருக்கும் அகலத்துக்கு அது ஆபத்தும்கூட, அதை விட்டுவிடுங்கள்.

என் பதில், கேட்டுக்காகத் தரையை மாற்றுங்கள் என்பதுதான். கேட்டை சாலை ஓரத்திலேயே நிறுத்தாமல் 4 அடி உள்ளே தள்ளுங்கள். அங்கிருந்து 7 அடி ஆழத்துக்கு, முழு 12 அடி அகலத்துக்கும் மட்டமான ஒரு தளம். கதவு இரண்டும் அந்தத் தளத்துக்குள்ளேயே திறந்து மூடும். தளத்தின் உயரத்தை, சாலை ஓரத்தில் வலது மூலை இருக்கும் மட்டத்திலிருந்து 6 அங்குலம் மேலே வையுங்கள். இந்த 6 அங்குலத்தை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் அளவுகளில் அப்போது கிட்டத்தட்ட எல்லாமே வெட்டாக அமைகிறது. இடது பின்மூலையில் 14 அங்குலம், இடது முன்மூலையில் 7, வலது பின்மூலையில் 5 அங்குலம் வெட்ட வேண்டும். வலது முன்மூலையில் மட்டும் 2 அங்குலம் மேடாக்க வேண்டும். வெட்டிய மண்மேல் போட்ட தளம் இறங்காது. கொட்டிய மண்மேல் போட்டது இரண்டு மழைக்குள் இறங்கும். மொத்தம் சுமார் 42 கன அடி மண்தான். மலைப்பகுதியில் பொக்லைன் கொண்டுவருவதற்கு அனுமதி வாங்க வேண்டும், இதற்கு அதெல்லாம் தேவைப்படாது. கடப்பாரையும் மண்வெட்டியுமாக இரண்டு ஆட்கள் முடித்துவிடுவார்கள்.

சாலைக்கும் கேட்டுக்கும் நடுவே உள்ள 4 அடியில்தான் சாலையின் 9 அங்குலக் குறுக்குச் சரிவு கரைய வேண்டும். சாலை ஓரத்தில் சாலையின் சரிவிலேயே தொடங்கி, கேட் கோட்டில் மட்டமாக முடியும்படி கான்கிரீட்டை முறுக்கி இழுக்கச் சொல்லுங்கள். வலது ஓரத்தில் 4 அடிக்கு 6 அங்குலம் ஏறும், அதாவது எட்டுக்கு ஒன்று. இடது ஓரத்தில் 3 அங்குலம் உள்ளே இறங்கும். கார் ஏறும்போது லேசாகச் சாயும், அவ்வளவுதான். நல்ல கொத்தனார் என்றால் இரண்டு பக்கமும் நூல் கட்டி, மட்டக்கோலை இழுத்தே இதைச் செய்துவிடுவார்.

தளத்துக்குப் பின்னால் இருக்கும் 21 அடியில் 30½ அங்குலம் ஏற வேண்டியிருக்கும். முன்பு 12-க்கு ஒன்றாக இருந்த ஏற்றம் இப்போது ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று. காருக்கு இது பிரச்சினை இல்லை, ஆனால் தளமும் ஏற்றமும் சேரும் இடத்தைக் கூர்மையாக விட்டால் முன் பம்பர் உரசும். அந்த இடத்தில் இரண்டு மூன்று அடிக்கு ஏற்றத்தைப் பாதியாக வைத்துக் குழிவாக மழுக்குங்கள். வீட்டில் சக்கர நாற்காலியில் இருப்பவர் யாராவது உண்டென்றால் மட்டும் யோசிக்க வேண்டும். அவர்களுக்கு 12-க்கு ஒன்றுக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. அப்படியானால் ஓரமாக நடைபாதை ஒன்றைச் சுற்றி வளைத்து எடுத்துச்செல்ல வேண்டும்.

மட்டத் தளத்தில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கேட்டைத் திறக்க நீங்கள் இறங்கும்போது கார் சரிவில் கைப்பிரேக்கை நம்பி நிற்காது. வயதானவர்கள் வண்டி ஓட்டும் வீட்டில் இதற்காகவே நான் இந்தத் தளத்தை வற்புறுத்துவேன்.

அடுத்தது தண்ணீர். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். 21 அடி ஏற்றத்தில் இறங்கி வரும் தண்ணீர் முழுவதும் உங்கள் மட்டத் தளத்தில்தான் வந்து விழும். ஏற்றம் முடிந்து தளம் தொடங்கும் கோட்டில், 9 அங்குல அகலம் 9 அங்குல ஆழத்தில் ஒரு குறுக்கு வாய்க்கால் எடுத்து, இரும்புக் கிரேட்டிங் போட்டு மூடுங்கள். வலது பக்கம் சரிவு கொடுத்து சாலையோரச் சாக்கடையில் விடுங்கள். தளத்துக்கும் ஓர் அங்குலம் மட்டும் வலது முன்மூலையைப் பார்த்து வாட்டம் இருக்கட்டும். கிரேட்டிங்கைத் தூக்கி எடுக்கும்படி துண்டு துண்டாகச் செய்யச் சொல்லுங்கள். சில்வர் ஓக் இலை அடைத்துக்கொண்டால் கையை விட்டு அள்ள வழி வேண்டும்.

நாய், பன்றி விஷயத்துக்கு வருகிறேன். மட்டத் தளம் வந்துவிட்டால் கதவுக்கு அடியில் 2 அங்குலம் போதும். அந்த 2 அங்குலத்தையும் மறைக்க ஒரு வழி இருக்கிறது. கதவு மூடி நிற்கும் கோட்டுக்கு வெளிப்பக்கம் ஒட்டினாற்போல், 2½ அங்குல உயரத்தில் கான்கிரீட் வரம்பு ஒன்று போடுங்கள், மேல்முனை உருண்டையாக. கதவு உள்பக்கம்தானே திறக்கிறது, அதனால் வரம்பு அதன் வழியில் வராது. மூடும்போது கதவு அந்த வரம்பில் வந்து அணைந்து நிற்கும். அடி இடைவெளி வெளியிலிருந்து தெரியாது, சாலைத் தண்ணீரும் உள்ளே வராது. காருக்கு அது ஒரு சின்ன மேடு. தளத்துத் தண்ணீர் வெளியேற வலது ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டு விடுங்கள்.

பன்றிக்கு இன்னொரு பழக்கம், மூக்கை அடியில் கொடுத்து நெம்பும். குண்டூசி போல் செருகி வைக்கும் கீல்களில் கதவு அப்படியே தூக்கிக்கொண்டு கழன்றுவிடும். மேல் கீலின் ஊசியைத் தலைகீழாக, கீழ்நோக்கி வைத்துப் பற்றவைத்தால் கழற்றவே முடியாது. திருடருக்கும் இதே மருந்துதான். காட்டெருமையை மட்டும் எந்த கேட்டும் தடுக்காது. அது வர நினைத்தால் வேலியோடு சேர்த்துக்கொண்டு வரும்.

தூண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், சரிவில் கேட் கெடுவது பெரும்பாலும் தூண் சாய்வதால்தான். 6 அடிக்கு 5 அடி கதவு, 40 மில்லிமீட்டர் சதுரக் குழாய்ச் சட்டம், 1.2 மில்லிமீட்டர் தகடு என்று வைத்துக்கொண்டால் எடை சுமார் 50 கிலோ. கீல்கள் 4 அடி இடைவெளியில் இருந்தால் மேல் கீல் தூணைப் பக்கவாட்டில் ஏறக்குறைய 37 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கும், இரவும் பகலும். இதையே 12 அடி ஒற்றைக் கதவாகச் செய்தால் எடையும் இரட்டிப்பு, நெம்பும் தூரமும் இரட்டிப்பு. இழுவை நான்கு மடங்காகி 150 கிலோவைத் தொடும். இரட்டைக் கதவு என்று நீங்கள் முடிவு செய்தது மிகச் சரி.

இந்த இழுவையைத் தாங்க 9 அங்குலச் செங்கல் தூண் பற்றாது. 12-க்கு 12 அங்குலக் கான்கிரீட் தூண், உள்ளே நான்கு 12 மில்லிமீட்டர் கம்பி, 6 அங்குலத்துக்கு ஒரு வளையம். அடித்தளம் கை படாத கெட்டி மண்ணில் 3 அடியாவது இறங்க வேண்டும். வலது தூண் பள்ளப் பக்கம் என்பதால் அங்கே மேல்மண் பெரும்பாலும் வீடு கட்டும்போது தள்ளிவிட்டதாக இருக்கும். அதை எண்ணிக்கையில் சேர்க்காமல், கெட்டி மண் தொடங்கும் இடத்திலிருந்து 3 அடி கணக்கு வையுங்கள். இரண்டு தூணையும் தரைக்கடியில் ஒரு பீம் போட்டு இணைத்துவிடுவது சரிவில் நான் விடாமல் செய்யும் வேலை. இரண்டும் எதிரெதிராக உள்ளே இழுக்கப்படுவதால் பீம் அவற்றின் அடியை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். கீல் தகடுகளைக் கான்கிரீட் போடும் முன்பே தூண் கம்பியோடு பற்றவைத்துவிடுங்கள். பிறகு துளை போட்டு போல்ட் இறக்குவதெல்லாம் இரண்டாம் தரம்.

கான்கிரீட் போட்டபின் அவசரப்படாதீர்கள். கீழே கோவையில் ஒரு வாரத்தில் பிடிக்கும் பிடிப்பு, மலைக் குளிரில் இன்னும் தாமதமாகத்தான் வரும். பதினான்கு நாள் கழித்துக் கதவை மாட்டுங்கள்.

சரி, தளமே போட முடியாது என்று வைத்துக்கொள்வோம். அடியில் பாறை, அல்லது தூண் இரண்டும் ஏற்கெனவே எழும்பிவிட்டது. அப்போது எனக்குப் பிடித்த வழி, கதவைச் சிறிதாக்குவது. தரை எழும்பும் உயரம் கதவின் நீளத்தோடு சேர்ந்தே கூடுகிறது. ஆகவே மேட்டுப்பக்கம் 3 அடியில் ஒரு சின்னக் கதவும் பள்ளப்பக்கம் 9 அடியில் பெரிய கதவுமாகப் பிரித்தால், சின்னதுக்கு 5¼ அங்குலம், பெரியதுக்கு 4½ அங்குலம் இடைவெளி போதும். அந்த 10½ காணாமல் போய்விட்டது, பாருங்கள். சின்னக் கதவு தினமும் ஆள் போய்வரத் திட்டிவாசல் போல் பயன்படும். ஆனால் 9 அடிக் கதவு கனம், அதைத் தாங்கும் தூணை இன்னும் பலமாகப் போட வேண்டும். அதைவிட, நான்கு மூன்றடிப் பலகைகளாக மடிக்கும் கேட் செய்தால் சுமையும் குறையும், உள்ளே வேண்டிய இடமும் 3 அடிதான். கீல்கள் கூடுவதால் வருடத்துக்கு இரண்டுமுறை கிரீஸ் போட வேண்டும்.

சாய்வுக் கீல் என்று ஒன்று செய்யலாம். கீழ்க் கீலின் ஊசியை மேல் கீலைவிட உள்பக்கம் தள்ளி வைத்தால், கதவு திறக்கத் திறக்க நுனி மேலே எழும்பும். 4 அடி இடைவெளிக் கீல்களில் 2 அங்குலம் தள்ளினால் 6 அடிக் கதவின் நுனி 3 அங்குலம் ஏறும். உங்கள் வலது கதவுக்கு இது கச்சிதம். இடது கதவுக்கு 7 அங்குலம் தள்ள வேண்டிவரும், அது நடக்காது. இந்தக் கதவு கைவிட்டால் தானே சாத்திக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் திறந்த நிலையில் மாட்டிவைக்க ஒரு கொக்கி கட்டாயம் வேண்டும்.

ஸ்லைடிங் கேட்டை நிறையப் பேர் சிபாரிசு செய்வார்கள். தண்டவாளம் மட்டமாக இருந்தால்தான் அது நல்லது. உங்கள் சாலைச் சரிவோடு சேர்த்துத் தண்டவாளம் போட்டால் பூட்டைத் திறந்ததும் கேட் தானே ஓடும். கனமான இரும்பு தானே ஓடுவதை எந்த வீட்டிலும் நான் அனுமதிக்க மாட்டேன். மட்டமாகப் போடுவதென்றால் வாசல் முழுக்கவும், கேட் ஒதுங்கும் பக்கத்தில் இன்னொரு 13 அடிக்கும் மட்டமான ஒரு பட்டை வேண்டும். ஓர் அடி அகலம் போதும் என்பது மட்டுமே லாபம்.

கேட்டின் மேல்விளிம்பு எப்போதும் மட்டமாக இருக்கட்டும், சரிவை மதில் படிப்படியாக ஏற்றுக்கொள்ளட்டும். துரு விஷயத்தில், பனிமூட்டத்தில் சாதா ரெட் ஆக்சைடு ஒரு கோட் நிற்காது; முடிந்தால் ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வாங்குங்கள், குழாயின் திறந்த முனைகளை மூடிப் பற்றவையுங்கள்.

வேலை வரிசை இப்படி இருக்கட்டும்: வெட்டு, தூண், வாய்க்கால், தளம், வரம்பு. வெல்டருக்கு இப்போது அட்வான்ஸ் மட்டும் கொடுங்கள், அளவு கொடுக்காதீர்கள். தளம் இறுகியபின் அந்த 6 அடிக் குழாயையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒருமுறை சுற்றி அளந்து, வரும் எண்ணை அவரிடம் கொடுங்கள். அப்போது எல்லா இடத்திலும் 24-ஐ ஒட்டியே வர வேண்டும். எங்காவது 23-க்குக் கீழே வந்தால் அந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்த பிறகே இரும்பு வெட்டச் சொல்லுங்கள்.